மேமியோவில் வண்டிக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பர்மாவின் மலை நகரமான இந்த மேமியோவில் (இன்றைய பியின் ஊ ல்வின்) எங்கள் குடும்பத்தில் அப்பா காலத்திலிருந்து குதிரை வண்டி ஓடுகிறது. அப்படியிருந்தும், வீடு தேடி வந்த ஒரு லாடக்காரரின் பேச்சை நம்பி, வாயில்லாத ஒரு பிராணியை ஏழு வாரம் நோகவிட்டேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் குதிரை ஒரு கிராமத்தின் மண்பாதையில் வளர்ந்தது. அங்கே அதற்கு லாடம் தேவைப்படவில்லை, குளம்பும் உறுதியாகவே இருந்தது. ஆனால் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். மேமியோவின் தார்ச் சாலை மேடுகளில் ஆட்களையும் மூட்டைகளையும் இழுக்கும் குதிரைக்குத் தேய்மானம் அதைவிட வேகமாக இருக்கும். இங்கே வந்த ஒரு மாதத்திலேயே முன்கால்களின் நுனி தேய்ந்து, சரளைக் கல்லில் கால் வைக்கத் தயங்கியது. எனவே லாடம் வேண்டும் என்று அந்த லாடக்காரர் சொன்னதில் தவறில்லை. அடித்த விதத்தில்தான் தவறு.

அவர் குதிரையை நடக்கவிட்டுப் பார்க்கவில்லை, எந்தச் சாலையில் ஓடுகிறது என்றும் கேட்கவில்லை. சாக்கில் இருந்த லாடங்கள் எல்லாம் ஒரே அளவு. குளம்புக்கு ஏற்ப லாடத்தை வளைப்பதற்குப் பதிலாக, லாடத்துக்கு வெளியே நீட்டிய குளம்பை அரத்தால் ராவித் தள்ளினார். ஆணி இறங்க வேண்டிய குளம்புச் சுவரே அதனால் மெலிந்துவிட்டது. இடது முன்காலில் மூன்றாவது ஆணி இறங்கியபோது குதிரை வெடுக்கென்று காலை இழுத்தது. "புதுக் குதிரை, பயப்படுகிறது" என்றார். உணர்ச்சியற்ற சுவரில் போகும் ஆணி வலிக்காது என்பது எனக்குத் தெரியும். அப்போதே அந்த ஆணியைப் பிடுங்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை என்பதுதான் இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

மறுநாளே நொண்டியது. "இரண்டு நாளில் பழகிவிடும்" என்று சொல்லியனுப்பினார். பத்தாம் நாள் நேரில் வந்து, இந்தக் குதிரைக்கு லாடம் ஒத்துக்கொள்ளவில்லை, வெறுங்காலே இயற்கை என்று சொல்லி நான்கையும் கழற்றினார். கழற்றியதோடு நில்லாமல், வெறுங்காலில் நடக்கும் குதிரைக்குக் கவசமாக இருக்க வேண்டிய அடிப்பாகத்தையும் கத்தியால் மெல்லியதாகச் சீவிவிட்டு, அடித்ததற்கு வாங்கிய கூலியையே கழற்றுவதற்கும் வாங்கிக்கொண்டு போனார். லாடம் நல்லதா, வெறுங்கால் நல்லதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. எதைச் சொன்னால் அன்று கூலி கிடைக்குமோ அதைச் சொன்னார்.

மாண்டலேயிலிருந்து வரவழைத்த கால்நடை மருத்துவர் இடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தார். அந்த மூன்றாவது ஆணி இருந்த இடத்தைத் தொட்டதும் குதிரை துள்ளியது. துளையைத் திறந்தபோது கரிய சீழ் வடிந்தது. பேதி உப்பு கலந்த வெந்நீரில் தினமும் அந்தக் குளம்பை ஊற வைத்து, கட்டுப் போட்டு, இரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) ஊசி போட்டோம். ஆணிக் காயத்தில் குதிரைக்கு மிக எளிதில் வரும் நோய் அது. வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

இப்போது முன்கால்களுக்கு மட்டும் லாடம் அடித்திருக்கிறோம். உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்களே தாங்குகின்றன, தேய்ந்தவையும் அவையே. பின்கால்கள் வெறுமையாகவே நன்றாக இருக்கின்றன. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்ததைச் சீவி, மீண்டும் அடிக்கிறோம். சவாரி குறையும் மழை மாதங்களில் முழுவதுமே கழற்றிவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தொழுவத் தரை மட்டும் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குளம்பின் அடி அழுகி நாறும்.

அந்த மனிதர் இன்னும் தொழுவம் தொழுவமாகப் போய்வருகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரே அளவு லாடங்களோடு வந்து, குதிரையை நான்கு அடி நடக்கவிட்டுப் பார்க்காமலே காலைத் தூக்கினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டுப் போயிருந்தால், இன்றிரவே குளம்பின் மேல் கை வைத்துப் பாருங்கள்: ஒரு கால் மட்டும் சுட்டாலோ, கணுவின் பக்கவாட்டில் நாடி விண்விண்ணென்று துடித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.