வரியா, உரிமச் சந்தையா, தடையா?

புகையைக் குறைக்க முனையும் அரசுகளுக்கு மூன்று வழிகள் உண்டு. உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் வரி விதிக்கலாம். மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குட்பட்ட உரிமங்களை நிறுவனங்கள் தமக்குள் வாங்கி விற்க அனுமதிக்கலாம். அல்லது இன்ன எரிபொருளை எரிக்கக் கூடாது என்று சட்டத்தாலேயே தடுக்கலாம்.

1990இல் பின்லாந்தும் 1991இல் சுவீடனும் தொடங்கிய கார்பன் வரியில், அதாவது கரியமில வாயு உமிழ்வுக்கான வரியில், ஒரு டன்னின் விலை முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் ஆலைகள் கணக்கிட்டு முதலீடு செய்ய முடிகிறது. ஆனால் உமிழ்வு எவ்வளவு குறையும் என்பதற்கு உறுதி இல்லை. உரிமச் சந்தையில் அளவு உறுதி, விலைதான் ஊசலாடும். 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய சந்தையில் உரிமங்களைத் தேவைக்கு மேல் வழங்கியதால் 2007இல் அவற்றின் விலை ஏறக்குறைய சுழியத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் அதே சந்தையில் ஒரு டன் 100 யூரோவைத் தாண்டியது. இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டிய உலையில் பணம் போடுபவருக்கு இந்த ஊசலாட்டம் பெரும் இடையூறு என்பதால், கார்பனைப் பொறுத்தவரை வரியே மேலானது என்று கருதுகிறேன்.

மூச்சுக்காற்றின் நஞ்சுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. கரியமில வாயு எங்கிருந்து வெளியேறினாலும் புவி வெப்பத்தில் அதன் விளைவு ஒன்றே. புகையோடு வெளியேறி மூச்சில் கலக்கும் நுண்துகளின் பாதிப்போ புகைபோக்கிக்கு அருகில் வாழ்பவர்களையே முதலில் தாக்குகிறது. அந்த ஆலை உரிமம் வாங்கிவிட்டது என்பதால் அவர்களுடைய நுரையீரலுக்கு ஆறுதல் கிடைக்காது. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த கொடும் புகைமூட்டத்துக்குப் பின், 1956ஆம் ஆண்டுச் சட்டம் புகையற்ற பகுதிகளை அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. ஈயம் கலந்த பெட்ரோலும் நாடு நாடாகத் தடை செய்யப்பட்டு, கடைசியாக 2021இல் அல்ஜீரியாவில் சாலை வாகனங்களுக்கான விற்பனை நின்றது. ஆயினும் நுண்துகளுக்குச் சந்தையே ஆகாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது: 2019இல் சூரத் நகரில் தொடங்கிய நுண்துகள் உரிமச் சந்தை உமிழ்வைக் குறைத்தது. பங்கேற்ற ஆலைகள் ஒரே நகரச் சூழலில் இருந்ததும், புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவிகள் பொருத்தப்பட்டதும் அதற்குத் துணைபுரிந்தன.

தடையும் பிசகலாம். மெக்சிகோ நகரம் 1989இல் பதிவெண்படி வாரத்தில் ஒரு நாள் வாகனம் ஓட்டுவதைத் தடுத்தபோது, பலர் இன்னொரு பழைய காரை வாங்கிக்கொண்டனர்.

மக்களின் ஏற்பைப் பொறுத்தவரை வரிதான் மிகவும் பலவீனமானது. பிரான்சில் எரிபொருள் வரி உயர்வு 2018இல் மஞ்சள் அங்கிப் போராட்டத்தைக் கிளப்பியது. 2008இல் பிற வரிகளைக் குறைத்து, நிதானமாகக் கார்பன் வரியைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும், 2025 ஏப்ரலில் கனடாவின் கூட்டாட்சி அரசு நுகர்வோர் மீதான கார்பன் கட்டணத்தை நீக்கியபோது அதைக் கைவிட்டது. தடையின் செலவு பொருளின் விலைக்குள் மறைந்துவிடுவதால், அது அதிகமாக இருந்தாலும் பெரிதாகக் கோபம் எழுவதில்லை.

தனிமனிதச் சிக்கனத்தின் பயனும் கருவிக்கேற்ப மாறுகிறது. வரியின் கீழ் ஒருவர் மிச்சப்படுத்தும் மின்சாரம் உமிழ்வை உண்மையாகவே குறைக்கிறது. இறுக்கமான உச்சவரம்பின் கீழோ, அந்த மிச்சத்தால் விடுபடும் உரிமத்தை வேறோர் ஆலை வாங்கிக்கொள்ளும், மொத்தம் மாறாது. 2019இல் ஐரோப்பா உபரி உரிமங்களைச் சந்தையிலிருந்து விலக்கும் ஏற்பாட்டைச் செயல்படுத்தியதால் இக்குறை ஓரளவு சீரானது. உரிமச் சந்தை உள்ள நாட்டின் குடிமக்கள் விளக்கை அணைப்பதோடு, உச்சவரம்பைத் தாழ்த்தும்படி சட்டமன்றத்தையும் வற்புறுத்த வேண்டியிருக்கிறது.