லாங்போவுக்கும் ரிகர்வுக்கும் ஏற்ற கிளைம்பர் பரண்: பல சீசன் பழகியபின் எழுதும் குறிப்பு

கிளைம்பர் பரண் என்பது மரத்தில் நாமே ஏற்றிக்கொண்டு போய், மேலே இருந்து வேட்டையாடும் மேடை. நுனிகளில் சக்கரம் வைத்த நவீன காம்பவுண்டு வில் வைத்திருப்பவர் அதை வாங்கும்போது எடையையும் உட்காரும் வசதியையும் பார்த்தால் போதும். நீண்ட எளிய வில்லான லாங்போவோ, நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வோ வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, நாணை இழுத்துக் குனியும்போது வில்லின் கீழ்நுனி எங்கே போய் இடிக்கும் என்பதைத்தான். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. அங்கே தொங்கும் பரண்களில் பெரும்பாலானவை 32 அங்குலக் காம்பவுண்டு, கிராஸ்போ (குறுக்கு வில்), துப்பாக்கி ஆகியவற்றை மனதில் வைத்து வடிவமைத்தவை. அமெரிக்காவின் மிச்சிகன் பக்கத்துக் காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு, முன்புறம் மூடியது, திறந்தது என இரண்டு வகைகளையும் வருடக்கணக்கில் ஏறி இறங்கிப் பழகியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் உரிமம் வாங்கி, சீசனுக்குள் வேட்டையாடும் அமெரிக்கச் சூழலுக்கு மட்டும் பொருந்தும்.

கிளைம்பர் என்பது இரண்டு துண்டு. மேல் துண்டில் இருக்கை, கீழ்த் துண்டில் கால் வைக்கும் மேடை. இரண்டும் தனித்தனியாக ஒரு கேபிளாலோ பட்டையாலோ மரத்தைச் சுற்றிப் பிடிக்கும். முன்பக்கம் எடை விழும்போது பின்பக்கப் பற்கள் மரப்பட்டையில் ஆழமாகக் கடித்துக்கொள்ளும். எடையை எடுத்தால் பிடி தளரும், மேலே தூக்கலாம். இந்த ஒரே தத்துவத்தில்தான் எல்லா நிறுவனங்களும் செய்கின்றன. வேறுபாடு மேல் துண்டின் வடிவத்தில்.

இனி அந்தக் கீழ்நுனிக் கணக்கு. 64 அங்குல லாங்போ, மேடையிலிருந்து தோள் உயரம் 56 அங்குலம், வில் பிடித்த கை நீளம் 28 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நேராக எய்தால் கீழ்நுனி மேடைக்கு மேல் சுமார் 25 அங்குலத்தில், உடலை விட்டு நன்றாகத் தள்ளி நிற்கும். பிரச்சினையே இல்லை. ஆனால் பரணிலிருந்து யாரும் நேராக எய்வதில்லை. 30 டிகிரி கீழ்நோக்கிக் கையை மட்டும் தாழ்த்தினால் கீழ்நுனி மேடையிலிருந்து 15 அங்குல உயரத்துக்கு இறங்கி, உடலின் நடுக்கோட்டிலிருந்து 9 அங்குலத்துக்குள் உள்ளே வந்துவிடும். மேல் துண்டின் பக்கச் சட்டங்கள் ஓடுவது சரியாக அந்த இடத்தில்தான். கையைத் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளைந்தால், அதே 30 டிகிரிக்கு நுனி சுமார் 18 அங்குலம் தள்ளிப் போகும், சட்டத்துக்கு வெளியே. இடுப்பில் வளையச் சொல்வது குறி தப்பாமல் இருக்க என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வில் சட்டத்தில் அடிபடாமல் காப்பதும் அந்த வளைவுதான். நாண் விட்ட நொடியில் நுனி அலுமினியச் சட்டத்தில் பட்டால் அம்பு எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. வில்லின் லேமினேஷன் (ஒட்டிய அடுக்குகள்) பிளந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

உட்கார்ந்து எய்வது இன்னும் சிக்கல். தோள் 42 அங்குலத்துக்கு இறங்கிவிடும், இடுப்பும் அவ்வளவாக வளையாது. 30 டிகிரியில் 64 அங்குல வில்லின் நுனி ஏறக்குறைய மேடையையே தொடும். முழங்கால், முன்சட்டம் இரண்டும் நடுவில் வேறு. ஆகவே நீண்ட லாங்போக்காரர்கள் நின்றுதான் எய்வோம் என்று தீர்மானித்துக்கொண்டு பரண் தேடுவது நல்லது. உட்கார்ந்தும் எய்ய வேண்டும் என்றால் 56 முதல் 60 அங்குல ரிகர்வ் எடுத்து, வில்லை நன்றாகச் சாய்த்து, முன்புறம் திறந்த பரணில் உட்கார வேண்டும். 52 அங்குலத்துக்குப் போனால் இடம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் 28 அங்குல இழுப்பில் நாண் கூர்மையாக மடங்கி விரல்களை நெரிக்கும். குளிரில் விறைத்த விரலோடு அதைச் சுத்தமாக விடுவது கடினம்.

மூடிய வகைக்கு நன்கு தெரிந்த உதாரணம் சம்மிட் வைப்பர். எடை சுமார் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. தாங்கும் எடை 300 பவுண்டு. மேல் சட்டம் உடம்பைச் சுற்றி வளைந்து வந்து முன்னால் சேர்கிறது, இருக்கை அதிலிருந்து பட்டைகளில் தொங்குகிறது. ஏறுவதற்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. முன்சட்டத்தின் மேல் உட்கார்ந்தே காலால் மேடையை இழுத்துக்கொள்ளலாம், கைக்கு வேலை குறைவு. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காது. ஆனால் சட்டம் கைப்பிடி உயரத்தில், தொடைக்கு மேலே ஓடுகிறது. மடியில் இருக்கும் லாங்போவை அதைத் தாண்டித் தூக்கி வெளியே கொண்டுபோக வேண்டும். மான் 15 கெஜத்தில் நிற்கும்போது அவ்வளவு பெரிய அசைவு ஆகாது. இதே வகையை வைத்துக்கொண்டு சமாளிக்க ஒரு வழி உண்டு. மேல் துண்டைத் தாழ்த்தி, சட்டம் முழங்கால் உயரத்தில் வரும்படி நிறுத்திக்கொண்டு நின்றே எய்வது. உட்கார்ந்தால் முழங்கால் மடங்கி இருக்கை பள்ளமாகத் தோன்றும். காலை இரண்டு மணி நேரத்துக்குப் பரவாயில்லை, முழு நாளுக்கு ஒத்துவராது.

திறந்த வகையில் சம்மிட் ஓப்பன்ஷாட் சுமார் 15 பவுண்டு, லோன் வுல்ஃப் ஹேண்ட் கிளைம்பர் சுமார் 17 பவுண்டு. இவற்றில் மேல் சட்டம் இருக்கை மட்டத்திலேயே நின்றுவிடுகிறது, முன்னால் எதுவும் இல்லை. வில்லை இடதுபுறமோ முன்புறமோ சுதந்திரமாகத் திருப்பலாம். பதிலுக்கு ஏறும்போது கையை ஊன்றி உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கும், தோளுக்கு வேலை அதிகம். அதற்கென்றே முன்பே புஷ்-அப் பழகுபவர்கள் இருக்கிறார்கள், அது வீண் இல்லை. ஏறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது இழுக்க 50 பவுண்டு விசை கேட்கும் ரிகர்வை இழுத்து நிதானமாகப் பிடிக்க முடியாது. காம்பவுண்டு போல, முழுதாக இழுத்தபின் அது அந்த விசையைக் குறைத்துத் தருவதும் இல்லை. என் தீர்ப்பு தெளிவாகவே இருக்கட்டும்: பாரம்பரிய வில்லுக்குத் திறந்த வகைதான். தோள் காயம் இருப்பவர்கள் மட்டும் மூடிய வகையை எடுத்து, நின்று எய்யப் பழகிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடமோ நண்பரிடமோ கேட்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பரணை ஒரு மரத்தில் மாட்டி நின்று பாருங்கள். சாதாரண முனையுள்ள அம்பைப் பூட்டி, மரத்தடிக்கு ஐந்து கெஜத்தில் ஒரு குறி வைத்து, இடது, முன், வலது மூன்று பக்கமும் எய்து பார்க்க வேண்டும். வலக்கைக்காரருக்கு மூன்றும் ஒன்றல்ல. இடதுபுறம் சுலபம். நேர் முன்னால் எய்யும்போது இழுத்த முழங்கை பின்னால் உள்ள மரத்தில் இடிக்கும், அதனால் அரை அடி முன்னால் நகர்ந்து நிற்க மேடையில் இடம் வேண்டும். மேடையின் ஆழம் 28 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகத்தான். வலதுபுறம் எய்ய உடம்பை மரத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஹார்னஸை (விழாமல் தாங்க உடம்பில் மாட்டும் பட்டைகள்) மரத்தோடு பிணைக்கும் கட்டுப்பட்டை மார்புக்கு முன்னால் வந்துவிடும், நாண் அதில் சிக்கும். ஆகவே மான் தடம் இடதுபுறமாக வரும்படி மரத்தையும், மரத்தின் எந்தப் பக்கம் பரணை மாட்டுவது என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

மரத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். கிளையில்லாமல் நேராக, 8 முதல் 20 அங்குல விட்டத்துக்குள் இருக்க வேண்டும். 12 முதல் 16 வரை உள்ளது உத்தமம், உங்கள் உருவம் மரத்தோடு ஒன்றிப்போகும். ஓக், மேப்பிள் இரண்டும் பற்களை நன்றாகப் பிடிக்கும். ஷாக்பார்க் ஹிக்கரியைத் தொடவே வேண்டாம். பட்டை தகடுதகடாகப் பிரிந்து தொங்கும், பற்கள் கடிப்பது மரத்தை அல்ல, அந்தத் தகட்டை. வழவழப்பான பீச், ஆஸ்பன் இரண்டும் உலர்ந்திருந்தால் ஏறலாம், மழையிலும் பனி உறைந்த காலையிலும் கூடாது. செத்த ஆஷ் மரம் தனி ஆபத்து. 2002இல் டெட்ராய்ட் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் வண்டு மிச்சிகனின் ஆஷ் மரங்களைப் பெருமளவில் கொன்றுவிட்டது. நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது, பட்டுப்போன ஆஷ் சீக்கிரமே மொறுமொறுப்பாகி நடுவில் முறியும். சில பொது நிலங்களில் பட்டையைக் கடிக்கும் எந்தக் கருவிக்கும் அனுமதி இல்லை, சில இடங்களில் இரவில் பரணை விட்டுவரக் கூடாது. அந்தந்த நிலத்தின் விதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

மேலே போகப்போக மரம் மெலியும். தரையில் மேடையை மட்டமாக மாட்டினால் 15 அடியில் முன்பக்கம் சரிந்து நிற்கும், சரிந்த மேடையில் நின்று குனிந்து எய்வது பயங்கரம். அதனால் கீழே மாட்டும்போதே முன்விளிம்பு 3 முதல் 6 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். மெலிவு அதிகமுள்ள பைன் மரத்துக்கு அந்த 6, ஒரே தடிமனாகப் போகும் ஓக்குக்கு 3. நடு உயரத்தில் கேபிளை இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

ஏறும் முறை: தரையிலேயே முழு உடல் ஹார்னஸை மாட்டி, கட்டுப்பட்டையைத் தலைக்கு மேல் மரத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைக்கும் பட்டையைக் கட்டாயம் பூட்டுங்கள். அது இல்லாமல் மேடை நழுவினால் இருக்கையில் தொங்கிக்கொண்டு 15 அடி உயரத்தில் நிற்பீர்கள், மேடை தரையில் கிடக்கும். காலைப் பட்டையில் நுழைத்து, மேடையை 10 அங்குலம் தூக்கி, குதிகாலை அழுத்திப் பற்களைக் கடிக்கவிட்டு, எழுந்து, மேல் துண்டை 10 அங்குலம் உயர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் ஹார்னஸ் பட்டையும் கூடவே ஏற வேண்டும். அவசரப்பட்டு 18 அங்குலமாகத் தூக்கினால் மேடை கோணலாகி ஒரு பக்கப் பல் மட்டும் கடிக்கும். மேலே போனதும் இரண்டு துண்டுகளையும் ஒரு பட்டையால் இழுத்துக் கட்டிவிடுங்கள், காலை நகர்த்தும்போது மேடை பிடி விடாது. வில்லை இழுகயிற்றில் நடுப்பிடியில் கட்டி ஏற்றுங்கள். அம்புகளைத் தனியாக, பிராட்ஹெட் எனும் கூரிய வேட்டை முனைகள் மூடிய கூடில். நாணைக் கயிற்றில் கட்டாதீர்கள், கீழே புதரில் சிக்கி இழுபட்டால் நாண் நுனியிலிருந்து கழன்றுவிடும்.

எவ்வளவு உயரம்? காம்பவுண்டுக்காரர்கள் 20, 25 அடி போகிறார்கள். நமக்கு அது அதிகம். 20 அடி மேடையில் நின்று 10 கெஜத்தில் உள்ள மானின் மார்பை நோக்கினால் கோணம் 37 டிகிரி. 15 அடியில் 30, 12 அடியில் 26. கோணம் செங்குத்தாகும்போது இரண்டு நுரையீரலையும் துளைக்கும் வழி குறுகுகிறது, மேலிருந்து நுழையும் அம்பு ஒரு நுரையீரலோடு நின்றுபோகலாம். அப்படி அடிபட்ட மான் வெகுதூரம் போகும், தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அந்த மிருகத்துக்கு அந்த வலியைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. 13 முதல் 16 அடி போதும், தூரம் 15 கெஜத்தைச் சுற்றி. மிச்சிகனில் வில் சீசன் அக்டோபர் 1இல் தொடங்கும்போது இலை இருப்பதால் 12 அடியிலேயே மறைவு கிடைக்கும். நவம்பர் தொடக்கத்தில் கிடாக்கள் பெட்டையைத் துரத்தும் சமயம் இலை கொட்டியிருக்கும். அப்போது உயரத்தைக் கூட்டுவதைவிட, பின்னால் இன்னொரு மரமோ பைன் கூட்டமோ உள்ள இடத்துக்கு மாறுவது மேல்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியத்தில் வில் நுனியோ கொக்கியோ லேசாகப் பட்டாலும் கணீரென்று கேட்கும். பக்கச் சட்டங்களுக்கும் மேடை விளிம்புக்கும் ஹாக்கி டேப்போ தடித்த துணி டேப்போ சுற்றுங்கள். மூட்டுகளில் நைலான் வாஷர் போட்டால் கிறீச் சத்தம் நிற்கும். இருக்கையை மடக்கும்போது சத்தம் வராத மாடலா என்று கடையிலேயே பாருங்கள். மான் மரத்துக்குப் பின்னால் தலை மறையும் அந்தச் சில நொடிகளில்தான் நாம் எழுந்து, நாணை இழுக்க முடியும்.

நாள்பட்ட தேய்மானத்தில் முதலில் போவது காலில் மாட்டும் ரப்பர் பட்டை. வெயிலில் வெடித்துவிடும், ஒரு ஜோடி உபரியாக வாங்கி வையுங்கள். அடுத்தது கேபிளின் பிளாஸ்டிக் உறை. கீறல் விழுந்த இடத்தில் தண்ணீர் புகுந்து உள்ளே கம்பி துருப்பிடிக்கும். முனையில் கேபிளை நெரித்துப் பொருத்திய குழாயருகே பழுப்புக் கறை தெரிந்தால் கேபிளை மாற்றுங்கள், துடைத்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். ஸ்பாஞ்ச் இருக்கை நனைந்தால் காலையில் பனிக்கட்டியாக இருக்கும், நீர் உறிஞ்சாத நுரை நல்லது. கொட்டகையில் வைத்தால் எலி இருக்கைப் பட்டையைக் கடிக்கும். பாதி அறுந்த பட்டை வெளியே தெரியாது, விரலால் முழு நீளமும் தடவிப் பார்க்க வேண்டும்.

ஹார்னஸ் பட்டை, உட்கார்ந்த நிலையில் தொய்வில்லாமல் தலை உயரத்தில் இருக்கட்டும். தொங்க நேர்ந்தால் தொடைப் பட்டை ரத்த ஓட்டத்தை நிறுத்தும், அதனால் கால் ஊன்றிக்கொள்ளும் துணைப்பட்டை பையில் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு தடவை விழுந்து தாங்கிய ஹார்னஸை மறுபடி மாட்டாதீர்கள். பல தயாரிப்பாளர்கள் அதற்கு 5 ஆண்டு ஆயுள்தான் கொடுக்கிறார்கள், தேதி உள்பக்கத் துணிச்சீட்டில் இருக்கும். பரண் தாங்கும் எடையில் குளிர்கோட்டு, பூட்ஸ், பை எல்லாம் சேர்த்தி. 270 பவுண்டு ஆள் 300 பவுண்டு பரணில் ஏறினால் மிச்சம் ஒன்றும் இல்லை. பழைய பரணை விலைக்கு வாங்குவதாக இருந்தால் கேபிள், போல்ட், ஹார்னஸ் மூன்றையும் புதிதாக வாங்கும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பற்றவைத்த மூட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அதை வாங்க வேண்டாம்.