கார்பெட் விதைப் பொட்டலம், 249 ரூபாய்: ஒரு பத்தமடைக்காரனின் அனுபவம்

பத்தமடைக்காரனுக்குப் பாய் மேல் ஆசை வருவதில் அதிசயம் இல்லை. நான் ஆசைப்பட்டது தண்ணீருக்கு அடியில் விரிகிற பாய். செர்ரி இறால் வளர்க்கிற ஒன்றரை அடித் தொட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது, 40 லிட்டர் பிடிக்கும். அடியில் வெறும் மணல்தான். அதில் பச்சையாக விரித்துவிட்டு, மேலே சிவப்பு இறால்கள் மேய்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து, ஐப்பசி மழையில் கடையில் ஆள் வராத ஒரு நாள், தொட்டியடியில் புல்வெளி மாதிரி விரியும் என்று இணையத்தில் விற்கிற இந்தக் 'கார்பெட்' விதைப் பொட்டலத்தை 249 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே படத்தைப் போட்டு ஏகப்பட்ட பேர் விற்கிறார்கள். ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டி என்ன ஆகப்போகிறது?

வந்தது ஒரு சின்ன ஜிப் கவர். மேலே 'மினி லீஃப்' என்று ஸ்டிக்கர். பின்னால் மூன்று வரியில் செய்முறை: தூவு, ஏழு நாள் பொறு, புல்வெளி தயார். தாவரப் பெயர் எங்கேயும் இல்லை. சேரன்மகாதேவியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான், போர்டு பார்க்கிற லென்ஸ் எப்போதும் கையில் இருக்கும். அதில் வைத்துப் பார்த்தேன். தட்டையான, பழுப்பான, எள்ளில் பாதிகூட இல்லாத விதை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சப்ஜா மாதிரி சுற்றிலும் வழுவழுவென்று கூழ் கட்டிக்கொண்டது. ஆச்சி எட்டிப் பார்த்தாள். "எய்யா, இது நீர்முள்ளி வித மாதிரில்லா இருக்கு. இதுக்கா துட்டு குடுத்த?"

ஆச்சி சொன்னதில் பெரிய தவறில்லை. இப்படி விற்கிற பொட்டலங்களில் பெரும்பாலும் வருவது ஹைக்ரோஃபிலா இனத்து விதை. நீர்முள்ளியும் அதே இனம்தான். மான்டி கார்லோ, கியூபா, குட்டை ஹேர்கிராஸ் மாதிரியான நிஜ கார்பெட் செடிகள் கடைக்கு வருவது திசு வளர்ப்புக் கோப்பையிலோ (ஆய்வகத்தில் ஜெல்லில் வளர்த்தது), குட்டிச் சட்டியிலோதான். இந்த விவரமெல்லாம் பணம் கட்டிய பிறகு தெரிய வந்தது. வழக்கம்போல.

பொட்டலத்தில் சொன்னபடியே தண்ணீருக்குள் தூவிப் பார்க்க வேண்டாமா? தொட்டியில் செய்யப் பயந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் செய்தேன். பாதி மிதந்தது. மீதி முளைத்தது, ஆனால் வேர் மணலைப் பிடிக்கும் முன்பே மேலே வந்துவிட்டது. அதோடு அந்தப் பாட்டில் கதை முடிந்தது.

அப்புறம்தான் ஒழுங்காக இறங்கினேன். 38 இறால்களையும், கழுத்து அறுத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில், ஸ்பஞ்ச் ஃபில்டரோடு குடியேற்றினேன். தொட்டியில் ஓர் அங்குலத்துக்கு அக்வா சாயில் (தொட்டிச் செடிகளுக்கான சத்து மண்) பரப்பி, சேறாகாத அளவுக்கு நனைத்து, விதையைத் தூவினேன். சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே பாட்டிலால் காலையும் மாலையும் ஒரு தூறல். வாயை நெகிழித் தாளால் மூடி, எல்ஈடி விளக்கைப் பத்து மணி நேரம் எரியவிட்டேன். இதை டிரை ஸ்டார்ட் என்பார்கள்.

நான்காம் நாள் பார்த்தால் தொட்டி முழுக்க ஊசி முனை ஊசி முனையாகப் பச்சை! ஒரு மூலையில் வெள்ளைப் பூஞ்சை நூல் விட்டது. தினமும் கால் மணி நேரம் தாளைத் திறந்து காற்று விட்டதும் அடங்கிவிட்டது. ஐந்து வாரத்தில் மண் தெரியவில்லை. எதிரெதிர் இலை, அரை அங்குல உயரம், அசல் பாய். அண்ணன் மகள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருப்பேன். இணையத்தில் கிடக்கிற நல்ல விமர்சனங்கள் பாதியும் இந்த ஐந்தாம் வாரத்தில் எழுதியவைதான் என்பது என் சந்தேகம்.

மார்கழியில் தண்ணீர் நிரப்பினேன். குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர், டிரம்மில் இரண்டு நாள் வைத்தது. செடி பெயர்ந்துவிடாமல் இருக்க ஒரு தட்டு வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினேன். பத்து நாள் கழித்து டெஸ்ட் கிட்டில், இறாலுக்கு விஷமான அம்மோனியா பூஜ்ஜியம் காட்டிய பிறகுதான் இறால்களை விட்டேன். இலை நுனியில் குமிழ் குமிழாக ஆக்சிஜன் நின்றது. அந்த அழகு இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.

மூன்றாம் வாரம் அடி இலைகள் கண்ணாடி மாதிரி ஆயின. தப்பித்த தண்டுகள் பாயாக இருக்க மனமில்லாமல் விளக்கைப் பார்த்து நெடுநெடுவென்று ஓடின. நான்காம் வாரம் ஒரு காலையில் எழுந்து பார்க்கிறேன், மொத்தப் பச்சையும் வேரோடு ஒரே பாளமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, தண்ணீரில் விழுந்த கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி. அம்மோனியா 0.5. தினமும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றியும் 11 இறால் போயிற்று. அதில் இரண்டு வயிற்றில் முட்டையோடு இருந்தவை. சிவப்பு வெளிறிப் பால் நிறமாகிக் கிடந்ததைக் கரண்டியால் எடுக்கும்போதுதான் 249 ரூபாய் எவ்வளவு என்று உறைத்தது.

காரணம் ஒன்றும் மாயமில்லை. காற்றில் முளைத்த இலை காற்றுக்கென்று செய்யப்பட்டது. மேலே மெழுகுப் பூச்சு இருக்கும், கரியமில வாயுவைக் காற்றிலிருந்து இழுத்துப் பழகியிருக்கும். தண்ணீருக்குள் வாயு பரவுவது காற்றைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவு. நிஜமான நீர்ச்செடி பழைய இலையை உதிர்த்துவிட்டு மெல்லிய புது இலை விடும். இந்தப் பொட்டலத்துச் செடிக்கு அந்த வித்தை தெரியாது, கையிருப்பைத் தின்று தீர்த்துவிட்டு அழுகும். மீன் தொட்டியில் அழுகினாலும் கேடுதான், ஆனால் இறால் மீனைவிடத் தாங்காது. எங்கள் ஊரில் கோரையைக் கீறி ஆற்றில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள், ஊற ஊறப் பருக்கும். இந்தப் பொட்டலத்துப் பாய் ஊற ஊறக் கரைகிறது.

கரியமில வாயு சிலிண்டர் வைத்தால் நிற்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். சில மாதம் இழுத்துப் பிடிக்கலாம். ஆனால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்குகிற காசுக்கு எத்தனையோ கோப்பை நல்ல செடி வந்துவிடுமே.

அதைத்தான் தை மாதம் செய்தேன். திருநெல்வேலியில் ஒரு மீன் கடையில் மான்டி கார்லோ ஒரு கோப்பை, 250 ரூபாய். பொட்டலத்தைவிட ஒரு ரூபாய்தான் அதிகம், இந்தக் கணக்கை நினைத்தால் இன்னும் எரிகிறது. ஜெல்லைக் கழுவி, நகக்கண் அளவுக்குப் பிய்த்து, ஐசி எடுக்கிற ட்வீசராலேயே நட்டேன். இரண்டு மாதத்தில் கால்வாசி இடம் பிடித்திருக்கிறது. அவசரக்காரர்களுக்கு ஆகாது.

இன்னொரு பக்கம் ஆரைக்கீரை வைத்தேன். கன்னடியன் கால்வாய் ஓரத்தில் மண்டிக் கிடக்கிற அதே நாலிலை ஆரைதான். அது பெரணி வகை, பூவும் இல்லை விதையும் இல்லை, கொடியை நட்டால் ஓடும். வயலுக்குள் இருப்பதைப் பறிக்காதீர்கள். பூச்சிமருந்து துளி இருந்தாலும் இறால் பிழைக்காது. கால்வாய் ஓரத்தில் எடுத்ததையே மூன்று வாரம் வாளியில் வைத்துத் தண்ணீர் மாற்றி, முதலில் இரண்டு இறாலை மட்டும் ஒரு வாரம் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குக் கொண்டுபோனேன். கொண்டுவந்த நீளக் காம்புகளைக் கத்தரித்துவிட்டேன். புதிதாக வருவது குட்டையாக வருகிறது, சிலதில் ஒற்றை இலைதான். ஆச்சிக்கு மட்டும் வருத்தம்: "துவையலுக்கு ஆவுறத கொண்டுபோயி இறாலுக்குப் போட்டுட்டான்."

இறால் இப்போது 27லிருந்து ஏறி வருகிறது, போன வாரம் குஞ்சுகள் தெரிந்தன. பங்குனி வெயிலுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைத் தொட்டி விளிம்பில் மாட்டியிருக்கிறேன், இரண்டு டிகிரி குறைகிறது.

பொட்டலத்துக்கு ஒரு நட்சத்திரம். வாங்கித்தான் தீருவேன் என்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அழுகிய பாளத்தையோ மிச்ச விதையையோ கால்வாயில் கொட்டிவிடாதீர்கள். ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா நம் நாட்டுச் செடி. மீன்தொட்டி வியாபாரத்தில் அமெரிக்காவுக்குப் போய் அங்கே தீங்குக் களைப் பட்டியலில் ஏறிவிட்டது. பெயரே போடாத விதை இங்கே என்ன செய்யும் என்று பார்க்க நம் கால்வாயா கிடைத்தது? நான் அந்தப் பாளத்தை மொட்டை மாடியில் காயவைத்து எரித்தேன்.

மிச்ச விதையைக் கடை மேசையில் ஒரு சாப்பாட்டு டப்பாவில் ஈரமண் போட்டுத் தூவி வைத்திருக்கிறேன், தண்ணீர் நிரப்பாமல். அமோகமாக வளர்கிறது. டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்கள் என்ன செடி என்று கேட்கிறார்கள். நீர்முள்ளிக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிவைக்கிறேன்.