பட்டாளத்தில் பழகிய ஃபோம் இயர்பிளக்: வாங்கலாமா?

வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்குக் கிளம்பும் எங்கள் தெருத் தம்பி, "அண்ணே, பேரக்குல, எல்லாரும் ஒண்ணாப் படுக்குற இடத்துல, தூக்கம் வருமா? இயர்பிளக் வாங்கிட்டுப் போகவா?" என்று கேட்டான். பட்டாளத்திலும், அப்புறம் மன்னார்குடியிலும் வருஷக்கணக்காக இந்த ஃபோம் அடைப்பானைக் காதில் வைத்துத்தான் தூங்குகிறேன்.

இதை ஊசி மாதிரி மெல்லிசாக உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால்தான் துளை நேராகும். உள்ளே விட்டதும் அது உப்பி முடிக்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. பாதிப் பேர் வாசலிலேயே செருகிவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். சத்தம் 33 டெசிபல் குறையும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது சோதனைக்கூடத்துக் கணக்கு, நம் காதில் அவ்வளவு குறையாது. ஆனாலும் பக்கத்துக் கட்டில் பேச்சு, லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையற்கட்டில், பாத்திரம் உருளும் சத்தம், டூட்டி மாறிவருகிறவர்களின் பூட்ஸ் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். அந்த வகையில் இதற்கு ஈடே கிடையாது.

எரிச்சல் ஜெனரேட்டரில்தான். அந்த அடித்தொண்டை உறுமலை ஃபோம் அவ்வளவாகத் தடுப்பதில்லை, கட்டில் கால் வழியாக அதிர்வு வேறு ஏறும். ஊருக்கு வந்தும் அதே பாடு. சம்பா அறுவடையில் கொல்லைப் பக்கம் ராத்திரி முழுக்க மெஷின் ஓடும்போது, தெரு நாயின் குரைப்பு அடங்கிவிடும், மெஷின் மட்டும் காதுக்குள் உட்கார்ந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வியர்வை பட்டு வழுக்கி, விடிந்தால் வலது காதுடையது தலையணையில் கிடக்கும். கழுவிப் போட்டால் பழையபடி உப்பாது. இத்தனை வருஷத்தில் இதை ஒருவரும் சரிசெய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் தம்பி, நீ வாங்காதே. பயிற்சியில் விடியுமுன் விசில் அடிப்பார்கள். காதை அடைத்துத் தூங்குகிறவனைப் பக்கத்துக் கட்டில்காரன்தான் எழுப்ப வேண்டும், அவனுக்கோ லேஸ் கட்டவே நேரம் பத்தாது. படுக்குமுன் காய்ந்த சாக்ஸ் மாட்டிக்கொள், கண்ணுக்குமேல் துண்டைப் போட்டுக்கொள். அங்கே உடம்பு அலுக்கிற அலுப்புக்கு மீதியைத் தூக்கமே பார்த்துக்கொள்ளும். யூனிட்டுக்குப் போனபின் வாங்கு, அதுவும் காவல் முறை இல்லாத ராத்திரிக்கு மட்டும். எடுக்கும்போது திருகி மெதுவாக எடு, வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும்.