சுயபதிப்பு பேக்கேஜில் விதிநூல் அச்சிட்ட அனுபவம்: ஓர் எச்சரிக்கை

பாத்திரமேற்பு விளையாட்டு (ஆடுபவர்கள் கதைமாந்தராகப் பேசி ஆடும் மேசை விளையாட்டு) ஒன்றை எழுதி, அதன் விதிகளைத் தாமே நூலாக வெளியிட நினைக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்க வடிவமைப்பு முதல் விற்பனை வரை எல்லாவற்றையும் தாங்களே முடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் 2024இல் 78,000 ரூபாய் கட்டினேன். அதற்குக் கிடைத்தவை, மேசையில் வைத்து ஆட முடியாத 200 பிரதிகள். வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என் விளையாட்டு பழைய காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் நடப்பது. நான்கைந்து பேர் வணிகராகவும் படகோட்டியாகவும் முத்துக் குளிப்பவராகவும் பேசி ஆட, ஒருவர் கதையை நடத்துவார். முடிவு நிச்சயமில்லாத செயல்களை இரண்டு ஆறுமுகப் பகடைகள் தீர்மானிக்கும். மூன்று ஆண்டுகள் ஆடிப் பார்த்துத் திருத்தி, 144 பக்கங்களில் முடித்தேன். இந்த வகை விளையாட்டின் தொடக்கமே சுயபதிப்புதான். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய, இந்த வகையில் முதலில் அச்சில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கைகாக்ஸ் நண்பருடன் தொடங்கிய சிறு நிறுவனத்தின் வழியாக 1974இல் ஆயிரம் பிரதிகளாக வெளிவந்தது. அந்த நம்பிக்கையில்தான் நானும் இறங்கினேன்.

முதல் சந்திப்பில் அவர்கள் காட்டிய மாதிரி நூல் அழகாகத் தைக்கப்பட்டிருந்தது. நாவலைக் கையில் பிடித்துப் படித்துவிடலாம், ஆனால் விதிநூல் மூன்று மணி நேரம் மேசைமேல் விரிந்தே கிடக்க வேண்டும், ஆகவே தையல் பைண்டிங்தான் வேண்டும் என்று சொன்னேன், தலையசைத்தார்கள். கொட்டேஷனில் ‘பைண்டிங்’ என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. வந்து சேர்ந்தவை முதுகில் பசை தடவி ஒட்டிய பிரதிகள். முதல் அமர்விலேயே, கடற்பயண அட்டவணை அச்சான தாள் முழுதாகக் கழன்று, புரட்டிய நண்பரின் கையோடு வந்துவிட்டது.

தாள் கழன்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் யூனிகோடில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) கொடுத்த உரையை, தங்கள் பக்க வடிவமைப்பாளருக்குப் பழக்கமான பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தில் சில வரிகளில் ஒற்றைக்கொம்பு எழுத்தைவிட்டு விலகித் தனியே நின்றது. அதைப் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். ஆனால் நூல் முழுவதும் 38 இடங்களில் கழித்தல் குறி மறைந்துவிட்டது. ‘எதிர்க்காற்று வீசினால் −2’ என்று நான் எழுதியது வெறும் ‘2’ என்று அச்சாகியிருக்கிறது. அதைப் பார்ப்பவர் பகடையில் விழுந்த எண்ணோடு இரண்டைக் கூட்டுவார், புயலில் படகு இன்னும் எளிதாகக் கரை சேரும். அச்சில் ஒரு கோடு விட்டுப்போனது என்று இதைச் சொல்லிவிட முடியாது, விளையாட்டே வேறாகிவிட்டது. எழுத்துரு மாறியதால் பக்கங்களும் நகர்ந்து, ‘பக்கம் 87 காண்க’ என்று நான் எழுதிய குறிப்புகள் தொடர்பில்லாத பக்கங்களுக்கு இட்டுச் சென்றன.

முதல் புரூஃபில் (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் படி) இந்தப் பிழைகளில் பலவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினேன். இரண்டாம் புரூஃப் கேட்டபோது, “அச்சுக்குப் போயாச்சு சார், எல்லாம் சரி பண்ணியாச்சு” என்றார்கள். அதற்கு முன்பே முழுத் தொகையையும் வாங்கியிருந்தார்கள். அச்சிட்ட ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கி, எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்னரே மீதித் தொகையைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்காக 3,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்த எண்ணைக் கட்டணமின்றியே வழங்குகிறது. ஆசிரியர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். எனக்கு வாங்கித் தந்த எண்ணோ அவர்களுடைய பதிப்பகத்தின் பெயரில் இருக்கிறது.

உரிமை விஷயம் இன்னும் சிக்கலானது. ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல் ஆகிய இரண்டின் உரிமமும் அவர்களுக்கே என்று இருந்தது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும் என வழக்கறிஞர் விளக்கினார். அவர்கள் விட்டுக்கொடுக்காவிட்டால், என் விளையாட்டின் திருத்திய பதிப்பை 2029 வரை நானே வெளியிடுவது வழக்கில் முடியலாம். பக்க வடிவமைப்பின் மூலக் கோப்பைக் கேட்டால், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். நான் ஏற்கெனவே பணம் கொடுத்துச் செய்வித்த வேலை அது.

இவர்களிடமோ இவர்களைப் போன்றவர்களிடமோ பேசிக்கொண்டிருப்பவர்கள், தையலா பசையா, தாள் எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு), எத்தனை புரூஃப், மூலக் கோப்பு யாருக்கு, உரிமம் எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். யூனிகோடிலேயே பக்கம் அமைப்பார்களா என்பதையும், கூட்டல் கழித்தல் குறிகள் உள்ள ஓர் அட்டவணையைக் கொடுத்து முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

இதுவரை விற்ற 41 பிரதிகளை வாங்கியவர்களில் முகவரி தெரிந்தவர்களுக்கு, விடுபட்ட 38 குறிகளையும் சரியான பக்க எண்களையும் நான்கு பக்கத் திருத்தத் தாளாக அச்சிட்டு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். புத்தகக் கண்காட்சியில் நேரடியாக வாங்கிய ஆறு பேரின் முகவரி என்னிடம் இல்லை. அவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். அதுவரை அந்தப் பிரதியில் கடற்பயண அட்டவணையைப் பயன்படுத்த வேண்டாம்.