புதிய கெர்னல் எந்த வழியாக வர வேண்டும்? லினக்ஸ் மேசைக்கணினிக்கு ஓர் ஒப்பீடு

புது மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுபவர்களின் புலம்பல்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வைஃபை பட்டியல் காலியாக இருக்கிறது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை. மூடியை மூடினால் உறங்கப் போகும் கணினி, திறந்தால் எழுந்திருப்பதில்லை. லினக்ஸில் வன்பொருளை இயக்கும் டிரைவர்களில் மிகப் பெரும்பாலானவை, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கணினியில் உள்ள சில்லு பிறப்பதற்கு முன்பே வெளியான கெர்னலுக்கு அந்தச் சில்லைத் தெரிந்திருக்க வழியில்லை.

லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னலை வெளியிடுகிறார். டெபியன், உபுண்டு போன்று நாம் பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கல்கள் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12, அதற்கு ஆறு மாதம் முன் வெளியான 6.1 கெர்னலோடு வந்தது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வரும்வரை அதன் இயல்பான கெர்னல் 6.1 வரிசைதான். இந்த இடைவெளியைக் கடக்கப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தீவிரமான ஆதரவாளர்களும் உண்டு.

இவற்றை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே. இன்று நிறுவுகிற கெர்னலில் அடுத்த வாரம் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதற்கான திருத்தம் நான் எதுவும் செய்யாமலே என் கணினிக்கு வந்து சேருமா? சேர்க்கும் பொறுப்பை யார் ஏற்றிருக்கிறார்கள்? பதிப்பு எண் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் எனக்கு அதற்கு அடுத்ததுதான்.

புதிய கெர்னல் தேவைதானா?

பாதுகாப்புக்காகப் புதிய வரிசைக்குத் தாவத் தேவையில்லை. டெபியனும் உபுண்டுவும் பழைய வரிசைக்கே திருத்தங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. புது வன்பொருள்தான் நியாயமான காரணம். இன்டெல்லின் லூனார் லேக் செயலிகள் 2024 செப்டம்பரில் வந்தன. அவற்றின் வரைகலைப் பகுதிக்கான ஆதரவு இயல்பாகவே இயங்கும் நிலைக்கு வந்தது 2024 நவம்பரில் வெளியான 6.12 கெர்னலில். 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்த ஏ.எம்.டி ரேடியான் ஆர்.எக்ஸ் 9070 அட்டையும் அப்படித்தான். அதற்குக் கெர்னல் 6.12 அல்லது அதற்கு மேல் வேண்டும். கூடவே மெசா 25.0 வேண்டும்.

அந்த மெசாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கெர்னல் புதிதாக இருந்து, வரைகலை நூலகமான மெசாவும், சில்லுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்புகளும் பழையதாகவே இருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். கெர்னலை மாற்றிய பிறகும் வைஃபை வரவில்லை என்றால், கெர்னல் பதிவுகளில் ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், இன்னும் புதிய கெர்னலைத் தேடி அலைவதில் பயனில்லை. தேவைப்படுவது ஃபர்ம்வேர் பேக்கேஜ்.

உபுண்டுவின் எச்.டபிள்யூ.இ

நீண்டகால ஆதரவுப் பதிப்பில் இருந்துகொண்டே புது வன்பொருளையும் இயக்க விரும்புவோருக்காக, உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் நடத்தும் ஏற்பாடு இது (ஹார்ட்வேர் எனேபிள்மென்ட் என்பதன் சுருக்கம்). உபுண்டு 24.04, 2024 ஏப்ரலில் 6.8 கெர்னலோடு வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்த 24.04.2 வெளியீட்டில் 6.11, ஆகஸ்டில் வந்த 24.04.3 வெளியீட்டில் 6.14. இடையில் வரும் ஆறுமாதப் பதிப்புகளின் கெர்னல்தான் இப்படி நீண்டகாலப் பதிப்புக்குள் இறக்கப்படுகிறது. மேசைக்கணினியாக நிறுவினால் எச்.டபிள்யூ.இ இயல்பாகவே வந்துவிடும். சர்வரில் நாமாகக் கேட்க வேண்டும்.

என் கேள்விக்கு இங்கே முழுமையான விடை இருக்கிறது. கெர்னல் கையொப்பமிடப்பட்டது என்பதால், கையொப்பமில்லாத கெர்னலை ஏற்காத செக்யூர் பூட் காப்பை அணைக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கமான அப்டேட்டிலேயே வரும். புதிய மெசாவும் வருகிறது: 24.04.3 வெளியான சமயத்தில் மெசா 25.0 வரிசையும் வந்துவிட்டதால், மேலே சொன்ன ரேடியான் அட்டை வாங்கியவர்கள் வேறெதுவும் தேட வேண்டியிருக்கவில்லை.

குறை என்னவென்றால், ஒரு வரிசையில் தங்கியிருக்க விடமாட்டார்கள். 6.11 நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், 6.14 வந்ததும் அதற்கு ஏற்றப்பட்டுவிடுவீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ், என்விடியா போன்று கெர்னலுக்கு வெளியே இருந்து தொகுக்கப்படும் மாட்யூல்களை (கெர்னலோடு இணையும் துணுக்குகளை) நம்பியிருப்பவர்களுக்கு அந்த மாற்றம் நடக்கும் நாள் சோதனையான நாள்.

லினக்ஸ் மின்ட்டும் இதே ஊற்றிலிருந்துதான் கெர்னலை எடுக்கிறது. முன்பெல்லாம் புது வன்பொருளுக்கென்று 'எட்ஜ்' என்று தனி நிறுவல் கோப்பு (ஐ.எஸ்.ஓ) வெளியிட்டார்கள். இப்போது 22 வரிசையிலேயே 22.2 வெளியீடு 6.14 கெர்னலோடு வந்தது. மின்ட்டின் அப்டேட் மேலாளரில் கெர்னல்களுக்கென்று ஒரு சாளரம் உண்டு: எந்த வரிசைக்கு எதுவரை ஆதரவு என்று அதிலேயே பார்க்கலாம், நிறுவலாம், நீக்கலாம். முனையத்தைத் தொட அஞ்சுபவர்களுக்கு இதைவிட நல்ல வசதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

டெபியனின் பேக்போர்ட்ஸ்

என் மனம் அதிகம் சாய்வது இந்தப் பக்கம்தான். டெபியனின் அடுத்த பதிப்புக்காகத் தயாராகும் கெர்னலை, இன்றைய பதிப்பில் ஓடும்படி மறுபடி தொகுத்துத் தருகிறார்கள். 6.1 கெர்னலோடு பிறந்த டெபியன் 12, பேக்போர்ட்ஸ் வழியாக 6.12 வரை போனது. ஃபர்ம்வேர் பேக்கேஜ்களும் அதே களஞ்சியத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்தே எடுப்பதுதான் முறை.

இதன் வேலைப்பாட்டில் ஒரு நேர்த்தி இருக்கிறது. களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டால் மட்டும் எதுவும் மாறாது, ஏனென்றால் பேக்போர்ட்ஸின் முன்னுரிமை எண் 100, வழக்கமான களஞ்சியத்தின் எண் 500. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட பேக்கேஜ் மட்டுமே அங்கிருந்து வரும். ஆனால் ஒருமுறை கேட்டு வாங்கிவிட்டால், அதன் அடுத்தடுத்த பதிப்புகள் தாமாகவே வரும். கெர்னல் புதிதாகவும் மற்றதெல்லாம் அசையாமலும் இருக்க வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. செக்யூர் பூட்டுக்கான கையொப்பமும் இருக்கிறது.

பலவீனத்தையும் சொல்ல வேண்டும். டெபியனின் பாதுகாப்புக் குழு பேக்போர்ட்ஸுக்குப் பொறுப்பேற்பதில்லை; பேக்கேஜைப் பராமரிப்பவர்கள் தங்களால் இயன்றவரை பார்த்துக்கொள்கிறார்கள். திருத்தம் வருகிறது, சில நேரம் தாமதமாக வருகிறது. வங்கி வேலைக்கோ அலுவலக ரகசியங்களுக்கோ பயன்படும் கணினி என்றால் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

அதற்காகப் பழைய கெர்னல் எப்போதும் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளிவரவிருந்த நேரத்தில், அதில் இருந்த 6.1.64 கெர்னல் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் தரவைச் சிதைக்கக்கூடியது என்று தெரியவந்தது. புதிய கெர்னலுக்காக எழுதப்பட்ட ஒரு திருத்தத்தைப் பழைய 6.1 வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள், அந்தத் திருத்தம் சார்ந்திருந்த இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. புதிய வரிசையில் பிழையே இல்லை, பழையதில்தான் பிழை. டெபியன் அணியினர் 12.3 வெளியீட்டை நிறுத்தி, 6.1.66 கெர்னலோடு 12.4 வெளியீட்டை டிசம்பர் 10 அன்று கொடுத்தார்கள். திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுசெல்வது கெர்னல் வேலைகளிலேயே நுட்பமானது. அதைச் செய்பவர்களுக்கு நாம் போதிய மரியாதை தருவதில்லை என்பது என் எண்ணம்.

மெயின்லைன் கெர்னல்

டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னலை அப்படியே டெப் பேக்கேஜாகத் தொகுத்துக் கெனானிக்கல் ஒரு தளத்தில் வைக்கிறது. கிடைப்பதிலேயே புதியது இதுதான் என்பதால், பலரும் இங்கே ஓடுகிறார்கள். இதற்கென்று வரைகலை முகப்புள்ள கருவிகளும் இருக்கின்றன; பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் நிறுவிவிடும்.

இதை அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இந்தத் தொகுப்புகளின் நோக்கமே வேறு: ஒரு பிழை உபுண்டுவின் கெர்னலில் மட்டும் இருக்கிறதா, மூலக் கெர்னலிலேயே இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது. ஆகவே கையொப்பம் கிடையாது, செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் கணினி இதை ஏற்காது. உபுண்டு சேர்க்கும் திருத்தங்களும் இதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்டேட் என்ற ஒன்றே வராது. 2024 ஜூலையில் 6.10 வெளியானது, அக்டோபரில் அந்த வரிசையே முடித்துவைக்கப்பட்டது. ஆகஸ்டில் 6.10 கெர்னலை இப்படி நிறுவிவிட்டு மறந்தவரின் கணினி, இரண்டே மாதத்தில் ஆதரவற்ற கெர்னலில் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

பழைய பதிப்பில் நிறுவும்போது இன்னொரு சிக்கலும் வரும். மாட்யூல்களைத் தொகுக்கத் தேவையான மெயின்லைன் ஹெடர் பேக்கேஜ்கள் புதிய கணினிகளில் தொகுக்கப்படுவதால், உபுண்டு 22.04-இல் இல்லாத புதிய சி நூலகத்தைக் கேட்கும். ஹெடர் இல்லாவிட்டால், கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூல்களை மறுபடி தொகுக்கும் டி.கே.எம்.எஸ் கருவியால் அவற்றைத் தொகுக்க முடியாது. மாட்யூல் இல்லாவிட்டால் என்விடியா திரை கிடையாது.

ஆனால் சோதனைக்கு இது அருமையான கருவி. எச்.டபிள்யூ.இ கெர்னலில் மைக் வேலை செய்யவில்லை என்றால், மெயின்லைனில் பூட் செய்து பாருங்கள். அதில் வேலை செய்தால், திருத்தம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். அந்தத் தகவலோடு பிழை அறிக்கை கொடுங்கள். பிறகு அந்தக் கெர்னலை நீக்கிவிடுங்கள்.

சான்மாட், லிக்கோரிக்ஸ்

இவை தனிமனிதர்கள் ஆர்வத்தோடு பராமரிக்கும் கெர்னல்கள். களஞ்சியம் இருப்பதால் அப்டேட் தானாக வரும். அந்த வகையில் மெயின்லைனைவிட மேல். விளையாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் ஏற்றபடி முடுக்கப்பட்டவை. சான்மாட்டில் செயலியின் தலைமுறைக்கேற்பத் தனித்தனித் தொகுப்புகளும் உண்டு. செக்யூர் பூட்டுக்கு நீங்களே சாவி உருவாக்கிக் கையொப்பமிட வேண்டியிருக்கும்.

ஒலிக்காக இவற்றை நாடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கெர்னல் பூட் ஆகும்போது ப்ரீஎம்ப்ட் அளவுருவை 'ஃபுல்' என்று கொடுத்தாலே வழக்கமான கெர்னல் வேகமாக எதிர்வினை தரும் நிலைக்கு மாறிவிடும். குறித்த நேரத்துக்குள் எதிர்வினை தரும் நிகழ்நேரக் கெர்னலுக்கான திருத்தங்களும் 6.12 முதல் மூலக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டன. முன்பு தனிக் கெர்னல் தேவைப்பட்ட இடங்களில் பலவற்றில் இன்று தேவையில்லை.

வழங்கலையே மாற்றிவிடுவது

ஆறு மாதத்துக்கொரு முறை புது வன்பொருள் வாங்கிச் சேர்ப்பவர், நிலையான வழங்கலில் புதிய கெர்னலைத் திணித்துக்கொண்டே இருப்பதைவிட, இயல்பாகவே புதிய கெர்னல் தரும் வழங்கலுக்குப் போய்விடுவது நல்லது.

ஃபெடோரா அதில் முதலிடம். ஒரே பதிப்புக்குள்ளேயே கெர்னல் வரிசையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். புதிய வரிசை வெளியான உடனே அல்ல: அதற்கான சோதனை வாரம் நடத்தி, சில திருத்த வெளியீடுகள் வந்த பிறகுதான் பயனர்களுக்கு அனுப்புகிறார்கள். கையொப்பம் உண்டு. மூன்று கெர்னல்கள் வட்டில் இருக்கும். புதியது சொதப்பினால் பூட் பட்டியலில் முந்தையதைத் தேர்ந்தெடுக்கலாம். ஓபன்சூசே டம்பிள்வீட் இன்னும் ஒரு படி மேலே போய், அப்டேட்டுக்கு முந்தைய முழு அமைப்பின் நிழற்பதிவையே பூட் பட்டியலில் வைக்கிறது.

ஆர்ச் லினக்ஸில் புதிய கெர்னல் வேகமாக வரும். வேகத்துக்கு விலையும் உண்டு. 2022 இலையுதிர் காலத்தில் வந்த 5.19.12 கெர்னல், சில இன்டெல் மடிக்கணினிகளின் திரையை விட்டுவிட்டு ஒளிரச் செய்தது. திரைக்கே சேதம் வரக்கூடும் என்று இன்டெல்லின் கெர்னல் பொறியாளர் எச்சரித்தார். சில நாட்களில் 5.19.13 வந்து சரிசெய்தது. அந்தச் சில நாட்களை அனுபவித்தவர்களில் ஆர்ச் பயனர்களும் இருந்தார்கள்.

ஆர்ச்சில் இன்னொன்று: கெர்னலைப் புதுப்பித்ததும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலின் மாட்யூல்கள் வட்டிலிருந்து நீக்கப்படுகின்றன. கணினியை மறுபடி தொடங்காமல் பென் டிரைவைச் செருகினால், அதற்கான மாட்யூல் முன்பே ஏற்றப்பட்டிருக்காவிட்டால், எதுவும் நடக்காது. புதியவர்கள் பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். ஆர்ச்சில் இருப்பவர்கள் வழக்கமான கெர்னலோடு நீண்டகால ஆதரவுக் கெர்னலையும் சேர்த்தே நிறுவி வைப்பது நல்லது. ஒன்று பூட் ஆகாவிட்டால் மற்றது ஆகும்.

பழைய என்விடியா வைத்திருப்பவர்கள்

இவர்கள் எதிர்த்திசையில் போக வேண்டும். கெப்ளர் தலைமுறை அட்டைகளுக்கான 470 டிரைவருக்கு 2024-லும், ஃபெர்மி அட்டைகளுக்கான 390 டிரைவருக்கு 2022-லும் என்விடியா ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வரும் கெர்னல்களில் இவை தொகுப்பாகுமா என்பது யாராவது தன்னார்வலர் ஒட்டுப்போடுவதைப் பொறுத்தது. இந்த நிலையில் எச்.டபிள்யூ.இ கெர்னல் வரிசை மாறும் ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரை வரும் அபாயம் உண்டு.

உபுண்டு 24.04-இல் கெப்ளர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது, 2029 வரை ஆதரவுள்ள முதல் கெர்னலான 6.8 வரிசை. எச்.டபிள்யூ.இ பேக்கேஜை நீக்கிவிட்டு லினக்ஸ்-ஜெனரிக் பேக்கேஜை நிறுவ வேண்டும். அதோடு நிறுத்திவிடக் கூடாது: பூட் பட்டியலைக் காட்டும் கிரப் எப்போதும் எண்ணில் பெரிய கெர்னலையே முதலில் பூட் செய்யும். ஆகவே மறுதொடக்கம் செய்து, பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் 6.8 கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, திரை சரியாக வருகிறது என்று உறுதிசெய்த பிறகு, வட்டில் மிச்சமிருக்கும் 6.11, 6.14 போன்ற பெரிய எண் கெர்னல்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள்.