சின்ன மேடைக்கு எந்த மூவிங் ஹெட்: பீமா, ஸ்பாட்டா, வாஷா?

ஊர்த் திருவிழாவுக்குப் போடும் மேடையை 20 அடி அகலம், 16 அடி ஆழம், 12 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே இரவில் அதில் பிள்ளைகளின் பரதம், அப்புறம் பாட்டுக் கச்சேரி, நடுச்சாமத்துக்கு மேல் வள்ளி திருமணம் நாடகம். விழாக் குழுவினர் லைட்காரரிடம் முதலில் கேட்பது, "அண்ணே, நாலு ஷார்ப்பி போட்டுடுங்க." அந்த மேடைக்குக் கடைசியாக வர வேண்டிய விளக்கு அதுதான்.

மூவிங் ஹெட் என்றால் தலை தானாகச் சுழலும் விளக்கு. ஒல்லியான கோடாக அடிப்பது பீம், ஓரளவு வட்டமாக விழுவது ஸ்பாட், பரவலாக வண்ணம் பூசுவது வாஷ். ஷார்ப்பி என்பது இத்தாலியின் கிளே பாக்கி நிறுவனம் செய்த ஒரு பீம் விளக்கின் பெயர். அசலில் இருப்பது 189 வாட் பல்பு. நம் பக்கத்தில் 230 வாட் 7ஆர் பல்பு போட்ட பீம்களையும் அதே பெயரில்தான் கேட்கிறார்கள்.

எது வேண்டும் என்பதை வாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். கோணத்தைப் பாருங்கள். விளக்கிலிருந்து ஆடுபவர் 5 மீட்டர் தள்ளி, அதாவது ஏறக்குறைய 16 அடியில் நிற்கிறார். அங்கே 2.5 டிகிரி பீமின் வட்டம் சுமார் 22 சென்டிமீட்டர்: முகம் மட்டும் தெரியும், கை தெரியாது. 15 டிகிரி ஸ்பாட்டின் வட்டம் சுமார் 1.3 மீட்டர்: ஓர் ஆள் இடுப்புக்கு மேல் முழுதாக அடங்குவார். 40 டிகிரிக்கு விரித்த வாஷ் 3.6 மீட்டரை நிரப்பும்: மூன்று பேர் சேர்ந்து ஆடலாம்.

பீமின் அழகு காற்றில் தெரியும் கோட்டில் இருக்கிறது. அந்தக் கோடு தெரியப் புகை வேண்டும். திறந்த மேடையில், அம்மியே பறக்கும் ஆடிக்காற்றில் புகை எங்கே நிற்கும்? இரண்டு ஸ்மோக் மெஷின் வைத்தாலும் அரை நிமிடத்தில் பக்கத்து வயலுக்குப் போய்விடும். புகை இல்லாத பீம் படுதாவில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை மின்சாரம். 7ஆர் ஒரு டிஸ்சார்ஜ் பல்பு, அதாவது உள்ளே மின்பொறி எரிந்து வெளிச்சம் தருவது. லைன் போய் ஜெனரேட்டருக்கு மாற்றும் பத்து நொடியில் அணைந்தால், பல்பு ஆறும்வரை மறுபடி பற்றாது. 5 முதல் 10 நிமிடம் ஆகலாம். சூட்டோடு திரும்பத் திரும்பப் பற்றவைத்தால் பல்பும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பேலஸ்ட்டும் சேர்ந்து கெடும். எல்இடி விளக்கோ தலையைச் சுழற்றித் தன் இடத்தைக் கண்டுபிடித்து, அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் எரிய ஆரம்பித்துவிடும். முருகன் வேடம் மாற்றி வரும் நேரத்தில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது நாடகம் நடத்துபவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, தீ. ஒளி விழும் பொருள் குறைந்தது எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பீமின் உடம்பிலேயே ஒட்டியிருப்பார்கள். 12 அடிக் கூரைக்குள் அந்தத் தூரம் கிடைக்காது. கீற்றுக் கொட்டகையில், பந்தல் துணியில், ஒரே இடத்தில் நிறுத்திய பீம் கருக்கிவிடும். 2004-இல் கும்பகோணத்தில் கூரைத் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோன மண் இது. கீற்றுக்குக் கீழே பீம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பீம் எங்கே பொருந்தும்? தேர்முட்டி போல அகலத் திடல், 15 மீட்டருக்கு மேல் தூரம், ஆடல்பாடல் குழு, காற்றில்லாத இரவு. அப்போதும் சம்பா வயல் நடுவே என்றால் பச்சைத் தத்துப்பூச்சி விசிறியின் சல்லடையை அடைக்கும். உள்ளே சூடு ஏறிப் பல்பு தானாக அணையும். பல்பின் ஆயுள் ஏறக்குறைய 2000 மணி. அதைத் தாண்டி ஓட்டினால் வெடித்து, உள்ளிருக்கும் கண்ணாடியையும் உடைக்கலாம்.

100 முதல் 150 வாட் எல்இடி ஸ்பாட் அடக்கமான விளக்கு. கோபோ என்ற உருவம் வெட்டிய தகட்டை வைத்துப் படுதாவில் இலை நிழலோ நிலவோ விழவைக்கலாம். வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சிக்கு அது போதும். ஆனால் வாஷ் முழு வெளிச்சத்தில் எரியும்போது கோபோ வெளுத்துப்போகும். அந்தக் காட்சிக்கு வாஷை 30 சதவீதத்துக்கு இறக்குங்கள்.

நாங்கள் முதலில் எடுக்கச் சொல்வது, கோணத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் உள்ள வாஷ். 15 வாட் எல்இடி 19 கொண்டது, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நாலும் கலப்பது. வெள்ளை இல்லாத மூவண்ண வாஷ் வேண்டாம்: அரக்குப் பட்டு அதில் சேறு நிறமாகும், ஒப்பனை போட்ட முகம் ஊதாவாகத் தெரியும். நாலு வண்ணம் இருந்தாலும் முகத்துக்கு முன்னாலிருந்து மஞ்சள் கலந்த வெள்ளை பார் லைட் (தலை அசையாத விளக்கு) எட்டு வேண்டும். வாஷைப் பின்னாலும் பக்கத்திலும் வையுங்கள். எடுக்கும் முன் ஒரு சோதனை: வெளிச்சத்தை 10 சதவீதத்துக்குக் குறைத்துக் கைபேசியில் வீடியோ எடுங்கள். வரிவரியாக ஓடினால், மெனுவில் பிடபிள்யூஎம் வேகத்தை (எல்இடி அணைந்து எரியும் வேகம்) 1200 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றிப் பாருங்கள். ஏற்ற வழியில்லை என்றால் யூடியூபில் நேரலை போகும் நிகழ்ச்சிக்கு அந்த விளக்கு ஆகாது.

மூன்று வேலையும் ஒன்றே செய்யும் ஹைப்ரிட் உண்டு. கனம் அதிகம், டிஸ்சார்ஜ் பல்பு என்றால் பீமின் அதே தொல்லை. சவுக்குக் கட்டையில் கட்டிய சாரத்தில் அதை ஏற்றாதீர்கள்.

ஆக இந்த மேடைக்கு 4 வாஷ், 2 ஸ்பாட். பார் லைட்டைச் சேர்க்காமல் இந்த ஆறும் ஒன்றரை கிலோவாட் அளவில் அடங்கும். விளக்குகளை இயக்கும் கன்சோல் 192 சேனல் (ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கட்டளைப் பாதை) உள்ள சின்னப் பெட்டி என்றால் அது விளக்குக்கு 16 சேனல் வீதம் 12 விளக்குக்கு ஆனது. ஆறையும் 16 சேனலுக்கு மிகாத மோடில் வைத்து, முகவரி 1, 17, 33, 49, 65, 81 என்று கொடுங்கள். வாஷ் ஒன்று 24 சேனல் மோடில் நின்றுவிட்டால், அதன் கடைசி 8 சேனல் பக்கத்து விளக்கின் சேனலோடு மோதும். ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று நிறம் மாறும். கன்சோலின் கட்டளையை விளக்குக்குக் கொண்டுபோகும் டிஎம்எக்ஸை மைக் கேபிளில் ஓட்டினால் நீளம் கூடும்போது தலைகள் துடிக்கும். 120 ஓம் டிஎம்எக்ஸ் கேபிளே போட்டு, கடைசி விளக்கில் 2, 3 பின்களுக்கு இடையே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த பிளக்கைச் சொருகுங்கள்.

எல்இடிக்கும் ஒரு பலவீனம் உண்டு. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால் சாதா சாக்கெட்டிலேயே 300 வோல்ட்டுக்கு மேல் ஏறலாம்; முதலில் போவது எல்இடியின் பவர் சப்ளைதான். சொருகும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 210 முதல் 245 வரை இருக்கலாம். ஜெனரேட்டருக்கு மாற்றிய பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பழைய விளக்கை வாடகைக்கு எடுத்தால், எரியும்போது தலையைக் கையால் மெல்லத் தள்ளிவிடுங்கள். தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் சென்சாரில் தூசி, அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது. நாகை, வேதாரண்யம் பக்கம் சுற்றிய விளக்கென்றால் உப்புக்காற்றில் சாக்கெட் பின்கள் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை ஐபி20, அதாவது நீர்க்காப்பு இல்லாதவை; தூறல்கூட ஆகாது. எரிகிற விளக்கின் மேல் பாலித்தீனைப் போர்த்தினால் சூடு உள்ளேயே அடைந்துவிடும். தூறல் தொடங்கியதும் மெயினை நிறுத்திவிட்டு அதன் பிறகு மூடுங்கள். கூட பீம் இருந்தால், மேலே தகரமோ தார்ப்பாயோ ஓரடி இடைவெளி விட்டு முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். விசிறி ஓடிப் பல்பு ஆறும்வரை அதன் மெயினை நிறுத்த முடியாது.